கூலிங் கிளாஸில் ஓடிய டெர்பி

குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் ஒருவரும் "எந்தக் குதிரை?" என்று கேட்பதில்லை. "எவ்ளோ வுட்டே?" என்றுதான் கேட்பார்கள். நான் இதுவரை ஒரு ரூபாய் கட்டியதில்லை. எப்படிக் கட்டுவது என்றே எனக்குத் தெரியாது. தேர் பார்க்கப் போகிறவனிடம் சக்கரத்துக்கு என்ன விலை கொடுத்தாய் என்று யாராவது கேட்கிறார்களா? குதிரை என்றால் மட்டும் ஊருக்கே என் சட்டைப்பையின் மேல் அக்கறை வந்துவிடுகிறது.

என் பெயர் லோகேஸ்வரன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வாலாஜாபாத் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். மற்ற ஆட்டோக்களின் பின்புறத்தில் நடிகர்கள் சிரிப்பார்கள். என் ஆட்டோவின் பின்புறத்தில் ஒரு பெண் குதிரை நிற்கிறாள். என் மனைவி சுகாசினிக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது.

"அவனவன் பொண்டாட்டி பேரு எழுதிக்கினு சுத்துறான். நீ இன்னாடான்னா குதிர மூஞ்சிய ஒட்டிக்கினு வர்றே. கேக்குறவங்களுக்கு நான் இன்னாயா சொல்றது?"

"அழகா இருக்குதுன்னு சொல்லு."

"அழகாத்தான் இருக்குது. அதான் எரியுது."

அந்தக் குதிரைக்குக் கிளப்பில் வைத்த பெயர் ஹர் எக்ஸலென்சி. உடம்பு முழுக்கச் செவலை நிறம் என்பதால் நான் செவலை என்றே கூப்பிடுகிறேன். இரண்டு வயதில் அவள் முதன்முதலாக ஓடிய நாளிலிருந்து ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டு வருகிறேன். வளைவு திரும்பும்வரை ஏதோ வீட்டு யோசனையில் வருகிறவள் மாதிரி பின்னாலேயே வருவாள். நேர்ப்பாதை வந்ததும் காதை மடித்துக்கொண்டு ஒரு பாய்ச்சல்! அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். சவாரிக்கு வந்தவர்கள் வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்திருக்கிறார்கள்.

பந்தயங்களுக்கெல்லாம் பெரியது டெர்பி. அதில் நான்கு வயதுக் குதிரைகள் மட்டும்தான் ஓடலாம். ஆகவே ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரே ஒரு டெர்பிதான். நம் வீட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தவறினால் மறுபடி எழுதலாம், குதிரைக்கு அந்தச் சலுகை கிடையாது. செவலைக்கு இப்போது நான்கு வயது. அவளுடைய டெர்பியைப் போனில் இல்லாமல் இந்த இரண்டு கண்ணால் பார்த்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

சாமி தெருவுக்கே வந்த மாதிரி, அந்த டெர்பி இந்த மார்கழியில் எங்கள் ஊர்ப் பக்கமே வந்தது.

டெர்பியை நடத்துவது ராயல் கர்நாடிக் டர்ஃப் கிளப். வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான் என்ற செய்தி கிளப்பின் நிர்வாகக் குழுவில் இன்னும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. சென்னையில் இருந்த மைதானம் கைவிட்டுப் போனதும், எங்கே போவதென்று தெரியாமல் கிளப் நின்றது. அப்போது கைகொடுத்தவர் எங்கள் அப்பாதுரை ஐயா. ஐயா முன்பு விவசாயம் செய்தவர். இப்போது மற்றவர்கள் அதைச் செய்யாமலிருக்க உதவுகிறார். தென்னேரிக்குப் பக்கத்தில் அவர் போட்ட மனைப்பிரிவுக்கு 'டெர்பி கவுண்டி' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகு, டெர்பி எங்கே என்று யாரோ கேட்டுவிட்டார்கள். ஐயா டெர்பியை வரவழைத்துவிட்டார். கிளப் அவருக்குப் 'புரவலர்' என்று பட்டம் கொடுத்தது. அவரும் ஒரு சாம்பல் நிறக் குதிரையை வாங்கி, இன்னும் விற்காத இரண்டாம் கட்ட மனைகளின் ஞாபகமாக அதற்கு 'ஃபேஸ் டூ' என்று பெயரிட்டார்.

பந்தயத்துக்கு முன்பே குதிரைகள் வந்து இறங்கிவிட்டன. செவலையைக் கவனித்துக்கொள்ளும் கந்தன் காரட் வாங்க என் ஆட்டோவில் ஏறப் போனவர், பின்னாலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "இது நம்ம பாப்பாவாச்சே!" என்றார். அன்றைக்கே என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். செவலை என்னை முகர்ந்து பார்த்தாள். பிறகு ஆட்டோவின் முகப்பில் தொங்கிய கதம்பத்தை நார் உட்படத் தின்றுவிட்டாள்.

"ஜெயிச்சுட்டான்னா பண்ணைக்கு அனுப்பிடுவாங்கபா," என்றார் கந்தன். "குட்டி போட்டுக்கினு, புல்லு தின்னுக்கினு ராணி மாதிரி இருப்பா. தோத்துட்டா மெரினாதான். ஓனரு சொல்லிட்டாரு."

"மெரினாவா?"

"ஆமாம்பா. பீச்சு மணல்ல ஜனங்கள ஏத்திக்கினு வெயில்ல நடக்கணும். இவ காலு அதுக்கு ஆவாதுபா. சீக்கிரமே படுத்துடுவா."

அவள் ஓடுவதைப் பார்த்தால் போதும் என்று இருந்தவன், அவள் ஜெயிக்க வேண்டும் என்று ஏகாம்பரநாதரிடம் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். என்னுடையதையே சொல்லிவைத்தேன்.

டிக்கெட் வாங்கப் போனதில்தான் கிளப்பின் பெருமை எனக்கு விளங்க ஆரம்பித்தது. கௌரவச் செயலாளர் ஜான்சன் மேசைக்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்விசிறி ஓடவில்லை. வியர்வை டையின் வழியாக ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது.

"உறுப்பினரா?" என்றார்.

"இல்லைங்க."

"குதிரை உரிமையாளரா? பணம் கட்டுபவரா? பணியாளரா?"

"பாக்க வந்துருக்கேங்க."

"எதை?"

"குதிரைய."

"பார்த்து?"

"பாத்துட்டு வூட்டுக்குப் போயிடுவேங்க."

அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். "மன்னிக்கவும். எந்த நோக்கமும் இல்லாமல் குதிரையைப் பார்க்கிறவரை எங்கள் விதிகள் எதிர்பார்க்கவில்லை," என்றார்.

என்னைக் காப்பாற்றியவர் முனுசாமி. கட்சி வித்தியாசம் பார்க்காமல் எல்லாப் பொதுக்கூட்டத்துக்கும் வேனில் ஆள் கொண்டுபோகிறவர். டிவியில் காட்டுவதற்காகப் பொதுமக்கள் வேண்டும் என்று கிளப் அவரிடம் சொல்லியிருந்தது.

"கேட்டாண்ட நிக்குறாங்களே, அந்த ஜனங்கள உள்ள வுட்டா ஆவாதா சார்னு கேட்டேன்பா," என்றார் முனுசாமி. "அது தானா வர்ற ஜனம், வேணாம். நீங்க கொண்டாற ஜனம்தான் வேணும்னுட்டாங்க. நீயும் வண்டில ஏறிக்க. ஆனா கோட்டு கட்டாயமாம்."

கோட்டுக்கு எங்கே போவது? மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஊரில் உள்ள அத்தனை பேண்டு செட்டும் சும்மா இருந்தது. முனுசாமி எல்லாருடைய கோட்டையும் வாடகைக்கு எடுத்துவிட்டார். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சலம், மார்பில் இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான். ஒத்திகைக்கு நாங்கள் வேனிலிருந்து இறங்கியதும் ஜான்சன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சுதந்திரத்துக்குப் பிறகு இப்படி ஒரு கண்ணியமான கூட்டம் எங்களுக்கு வாய்க்கவில்லை," என்றார்.

என் பக்கத்தில் நின்றவர் கோட்டுப் பையிலிருந்து பழைய சரிகை மாலைத் துண்டு ஒன்றை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒத்திகையில் ஜான்சன் சார் ஆற்றிய உரையை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். "நண்பர்களே! இங்கே ஓடுவது குதிரை என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். குதிரை எங்கே வேண்டுமானாலும் ஓடும். நம்மிடம் ஓடுவது மரபு. உற்சாகம் வரலாம், ஆனால் சத்தமாக வரக்கூடாது. ஜெயித்த குதிரையின் பெயரைச் சொல்லிக் கத்தக்கூடாது. தோற்ற குதிரையின் உரிமையாளர் மனம் புண்படும், அவர் பெரும்பாலும் குழு உறுப்பினராக இருப்பார். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. புரவலர் எழுந்து நிற்கும்போது அனைவரும் எழுந்து அவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் அமரும்வரை ஒருவரும் அவருக்கு முதுகு காட்டக்கூடாது. வைஸ்ராய் காலத்து விதி. மீறியவருக்கு ஆயுள் தடை."

"சார், அந்த நேரம் பாத்து குதிர ஓடிச்சுன்னா?" என்று கேட்டேன்.

"மரபு ஓடும்போது குதிரை ஓடாது," என்றார்.

முனுசாமி எங்கள் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார். "கோயில்ல சாமி கும்புட்டுட்டு முதுகக் காட்டாம பின்னாலயே நடந்து வர்றோமில்ல, அதாம்பா." எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கு நேராக நடப்பதற்கு முன்பே பின்னால் நடக்கத் தெரியும்.

கடைசியில் ஜாக்கிகளின் சட்டைகளைக் காட்டினார்கள். "பட்டு நகரத்துக்கு நாங்களும் பட்டோடுதான் வந்திருக்கிறோம். ஜாக்கி அணிவதைப் 'பட்டு' என்றே சொல்வது எங்கள் வழக்கம்," என்றார் ஜான்சன் சார். நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் போய் ஒரு சட்டைக் கையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"சார், இது நைலானு."

"துணி நைலான்தான் அம்மா. அந்தஸ்து பட்டு."

"அப்ப அந்தஸ்த வாஷிங் மெஷின்ல போடலாமா சார்?"

ஜான்சன் சார் கொஞ்சம் யோசித்தார். "அதற்கு இன்னும் விதி வகுக்கவில்லை," என்றார்.

டெர்பி நாள் வந்தது. முனுசாமி தயவில், அரங்கத்தின் பின்பக்கம் புரவலருக்குப் போட்ட மேடையை ஒட்டி எனக்கு இடம். புரவலருக்கு மாலைத் தட்டை நீட்ட வேண்டியது என் வேலை. தூரத்தில் குதிரைகளை ஒவ்வொன்றாகக் கிளம்பும் கூண்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செவலை உள்ளே போனதைப் பார்த்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் அப்பாதுரை ஐயாவின் கார் வந்தது.

தலைவர் கார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முனுசாமியின் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டார்கள். கூண்டுக்குள் இருந்த குதிரைகள் எகிறின. கதவைத் திறந்துவிடும் அதிகாரி பாவம், உயிருக்குப் பயந்து திறந்துவிட்டார். டெர்பி ஆரம்பமாகிவிட்டது. அதே நொடியில் அரங்கம் முழுவதும் எழுந்து, பந்தயப் பாதைக்கு முதுகைக் காட்டி, புரவலரைப் பார்த்து நின்றது.

உறுப்பினர்கள் நின்றார்கள். பணம் கட்டியவர்கள் நின்றார்கள். எது முதலில் வந்தது என்று சொல்ல வேண்டிய அதிகாரியும் புரவலரைப் பார்த்து நின்றார். டிவி கேமராக்கள் புரவலர் பக்கம் திரும்பின. எல்லைக்கோட்டைப் படம் பிடிக்கிற கேமராவையும், ஐயா காரிலிருந்து இறங்குவதை எடுப்பதற்காக முன்னமே திருப்பி வைத்திருந்தார்கள். மைக்கில் வர்ணனையாளர் மூச்சு வாங்கினார்: "இதோ முதல் படி! இரண்டாவது படி! வேகம் எடுக்கிறார்! மூன்றாவது படியில் செருப்பைச் சரிசெய்கிறார்!"

என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. என் செவலை என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஆயுளில் ஒரே தடவை ஓடுகிறாள். நான் பேண்டு செட் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதருடைய மீசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். ஐயா கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். நல்ல பெரிய கூலிங் கிளாஸ், கறுப்பு, பளபளவென்று இருந்தது. அதற்குள் வானம் தெரிந்தது, வெள்ளை வேலி தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் கடுகு மாதிரி குதிரைகள் உருண்டு வந்தன. இரண்டு கண்ணாடி, இரண்டு டெர்பி!

ஆனால் ஐயா சும்மா நிற்கவில்லை. இடப்பக்கம் கும்பிட்டார், வலப்பக்கம் கும்பிட்டார். அவர் தலையை ஆட்டும்போதெல்லாம் பந்தயம் கலைந்துபோனது.

"ஐயா! அப்படியே ஆடாம நில்லுங்கய்யா!" என்று கத்தினேன்.

போட்டோவுக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகத்தைத் தூக்கி, மார்பை விரித்து, சிலை மாதிரி நின்றார். தங்கமான மனுஷன். வளைவு முடிந்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு செவலைப் புள்ளி விலகி வெளியே வந்தது. ஒன்றைத் தாண்டினாள். இன்னொன்றைத் தாண்டினாள். "செவல! செவல! வாம்மா! வந்துடுடீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது புதிய கோஷம் என்று நினைத்து எனக்குப் பின்னால் இருந்தவர்களும் "செவல! செவல!" என்றார்கள். ஐயா கைகூப்பினார். இரண்டு கண்ணாடியிலும் அவள்தான் முதலில் எல்லையைத் தாண்டினாள்.

ஐயா அமர்ந்தார். அரங்கம் திரும்பியது. குதிரைகள் வாயில் நுரையோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தன.

"எது ஜெயித்தது?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

விசாரணைக்கு ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். மூத்தவர் மட்டும் பேசினார், மற்ற இருவரும் அவர் பேசி முடித்ததும் தலையை ஆட்டினார்கள். ஜாக்கிகள் ஒவ்வொருவரும் தானே ஜெயித்ததாகச் சொன்னார்கள். குதிரை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சம்பந்தப்பட்டவர்கள் என்பதால் அவர்களுடைய சாட்சி செல்லாது என்றார் மூத்தவர். கந்தனையும் அப்படியே அனுப்பிவிட்டார்கள். அப்பாதுரை ஐயாவைப் பயத்தோடு கேட்டார்கள்.

"நான் ஜனங்களைப் பாத்துக்கினு இருந்தேன்," என்றார் ஐயா. "நானு குதிரைய எங்க பாக்குறது? ஆனா முன்னால ஒருத்தன் என் கண்ணாடியவே பாத்துக்கினு செவல செவலன்னு கத்திக்கினு இருந்தான். அவனக் கேளுங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஃபேஸ் டூ எத்தனையாவது வந்தது?" என்று கேட்டார் மூத்தவர்.

"சாம்பலா? அது கடைசிங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நீங்கள் பார்த்தது கண்ணாடியில். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியும். ஆகவே முதலில் தெரிந்தது கடைசி. கடைசியில் தெரிந்தது முதல்."

"எடது வலதுதானுங்க மாறும்? முன்ன பின்ன எப்படிங்க மாறும்?"

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"ஆட்டோ ஓட்டுறேங்க."

"உங்கள் ஆட்டோ கண்ணாடியில் உங்களுக்குப் பின்னால் வரும் லாரி எங்கே தெரியும்? உங்களுக்கு முன்னால்தானே?"

யோசித்துப் பார்த்தேன். முன்னால்தான் தெரியும். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். ஜான்சன் சார் நெகிழ்ந்துபோய், "இந்த நுட்பத்துக்காகத்தான் கிளப் இருக்கிறது," என்றார்.

கூடாரத்துக்கு வெளியே கந்தன் செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் விலாவில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டு நிற்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்கள் அவளைக் கடைசி என்று அறிவிப்பார்கள். நாளைக்கு லாரி, மறுநாள் மெரினா.

"நான் கண்ணாடில பாக்கலைங்க," என்றேன். "பொய் சொல்லிட்டேன். திரும்பித்தான் பாத்தேன்."

மற்ற இருவரும் தலையை ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்," என்றார் மூத்தவர். குரல் கெஞ்சியது. "நீங்கள் கண்ணாடியில்தான் பார்த்தீர்கள்."

"இல்லைங்க. ஐயாவுக்கு முதுகக் காட்டிக்கினு, இப்படி நின்னு, நல்லா பாத்தேன். செவலதான் ஜெயிச்சுது."

அப்பாதுரை ஐயா கூலிங் கிளாஸைக் கழற்றினார். "எனக்கா? முதுகையா?" என்றார்.

தீர்ப்பு சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. முதுகு காட்டியவனுக்கு ஆயுள் தடை. தடை செய்யப்பட்டவனின் சாட்சி செல்லாது. வேறு சாட்சி இல்லை. யாரும் பார்க்காத பந்தயம் நடந்ததாகக் கருத இயலாது. நடக்காத பந்தயத்தில் எந்தக் குதிரையும் ஓடவில்லை. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெர்பி முதன்முறையாக நடைபெறும். பிறகு ஜான்சன் சார் கிளப் வழக்கப்படி என் தோளிலிருந்த குஞ்சலத்தைப் பிய்த்தார். அது பேண்டு செட்காரருடையது என்று சொல்லிப் பார்த்தேன். மரபு யாருடையது என்று பார்க்காது என்றார்.

"இன்னொரு வாட்டி ஓடணுமாபா இவ?" என்றார் கந்தன், என் கையைப் பிடித்துக்கொண்டு. "காலு வலில நிக்கிறாபா."

வீட்டுக்குப் போய்ச் சுகாசினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கேள்விதான் கேட்டாள்.

"ஆயுசுக்கும் உள்ள வுடமாட்டானா?"

"ஆயுசுக்கும்."

"உள்ளதான வுடமாட்டான்? அந்த ஏரிக்கரை மேல ஏறி நின்னா எவன் கேப்பான்?"

எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். ரசிகன் என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருஷமாக இந்தத் தலையைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏரிக்கரை மேல் நின்றோம். கீழே மொத்த மைதானமும் தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது. கரையில் தென்னேரிக்காரர்கள் சிலர் ஏற்கெனவே துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பொன்னியம்மாள் என்ற ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். சுகாசினி போய் அவரிடம் செவலையின் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். மெரினா என்றதும் அவர் உச்சுக்கொட்டினார்.

இந்தத் தடவை கிளப் எச்சரிக்கையாக இருந்தது. பட்டாசு கிடையாது. பந்தயத்தை மட்டுமே பார்ப்பதற்கென்று தனியாக ஒரு அதிகாரியை நியமித்திருந்தார்கள். புரவலர் வந்து, அமர்ந்து, கழுத்தில் மாலை விழுந்து, அதற்குப் பிறகுதான் கூண்டைத் திறந்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். ஆனால் முதல் வளைவிலேயே ஃபேஸ் டூ முன்னால் வந்துவிட்டது. அதைக் கண்டதும் அப்பாதுரை ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

சிவப்புக் கோட்டுகள் மொத்தமாக எழுந்து திரும்பியதைக் கரையிலிருந்து பார்த்தோம். தனியாக நியமித்த அதிகாரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அவரும் திரும்பிவிட்டார், கேமராக்களும் திரும்பிவிட்டன. இத்தனை பேர் தன்னைப் பார்க்கும்போது ஐயா குதிரையையா பார்ப்பார்? கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

"இதா அது?" என்றாள் சுகாசினி. செவலை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அதான்."

"அய்யோ, இன்னா அழகா ஓடுதுயா! வாடீ! வாடீ என் தங்கமே!"

நேர்ப்பாதை. காதை மடித்தாள். பாய்ந்தாள். இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். போனில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனால் போன வாரத்து வலி காலில் இருந்தது. சாம்பல் குதிரையின் கழுத்துவரை வந்தாள், அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஃபேஸ் டூ முதலில் போய்ச் சேர்ந்தது. செவலை இரண்டாவது.

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சுகாசினி என் தோளில் கை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கரை மேல் ஏறி வந்தார்கள். ஷூவெல்லாம் சேறு. டை தோள் பக்கம் போயிருந்தது. ஜான்சன் சார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடை செய்யப்பட்டவனிடம் பேசக்கூடாது. நேராகப் பொன்னியம்மாளிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நீங்கள் பந்தயத்தைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன்."

"எந்தக் கண்ணாடி வழியாகவும் இல்லாமல்?"

"கண்ணாடியா? கண்ணால பாத்தேன்யா."

"அந்த நேரத்தில் யாருக்காவது முதுகு காட்டி நின்றீர்களா?"

"ஆட்டுக்குத்தான்."

ஜான்சன் சார் மனதுக்குள் விதிகளைப் புரட்டினார். ஆடு எதிலும் இல்லை போலிருக்கிறது. "அப்படியானால் சொல்லுங்கள், எது முதலில் வந்தது?"

பொன்னியம்மாள் என் பக்கம் பார்க்கவே இல்லை. சுகாசினியை ஒரு தடவை பார்த்தார்.

"செவலதான்."

"சந்தேகமில்லையே?"

"இதுல இன்னாயா சந்தேகம்? போன வாரமும் அதான வந்துச்சு? நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன். அன்னிக்கு எவனும் வந்து கேக்கலியே."

துண்டு விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும், "ஆமா சார், செவலதான்," என்றார்கள்.

ஜான்சன் சார் அந்த அம்மாவுக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டுவிட்டு, வழுக்கி வழுக்கிக் கீழே ஓடினார். மைக்கில் ஹர் எக்ஸலென்சியின் பெயரை அறிவித்தார்கள். கந்தன் அவளை எப்போதோ கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சிவப்புக் கோட்டுக் கூட்டம் ஒன்றாகத் திரும்பி, காலியாகக் கிடந்த பாதையைப் பார்த்துக் கைதட்டியது.